தருமபுரிக்கு மேலே காத்திருக்கவும்

மாடி காலியாக இருந்தது.

இடது இறக்கையைச் சாய்த்து இன்னொரு முறை பார்த்தேன். அதியமான்கோட்டை, நாலு வழிச் சாலை, மேம்பாலத்துக்கு இந்தப் பக்கம் மூன்றாவது தெரு, நீலத் தண்ணீர்த் தொட்டி. எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. தொட்டிக்குப் பக்கத்தில் எப்போதும் விரித்துக் கிடக்கும் மஞ்சள் தார்ப்பாயை மட்டும் காணோம்.

காதில் பெங்களூருக் கட்டுப்பாட்டு அறை ஓயாமல் பேசிக்கொண்டிருந்தது. டெல்லியிலிருந்து வருகிற ஒரு விமானத்தை இறங்கச் சொன்னார்கள். கொச்சிக்குப் போகிற ஒன்றை ஏறச் சொன்னார்கள். யாரோ ஒருவர் மூச்சுவிடாமல் எண்களை ஒப்பித்தார். இத்தனைக்கும் நடுவில் எனக்குக் கிடைத்தது ஒரே பதில்தான். எல்லைக்கு வெளியிலேயே இருக்கவும், தருமபுரிக்கு மேலே காத்திருக்கவும், ஸ்டாண்ட் பை.

சரி என்று சொல்லிவிட்டு வட்டமடித்தேன். ஒற்றை எஞ்சின் விமானம், நான்கு இருக்கை, ஆள் நான் ஒருத்தி. பக்கத்து இருக்கையில் என் பையும் ஒரு தண்ணீர் பாட்டிலும் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தன.

மழைக்காலம் முடிந்த கையோடு வரும் காலை. வெயில் பளிச்சென்று இருந்தது, மேற்கே மட்டும் கொஞ்சம் மேகம். தார்ப்பாய் இருந்திருந்தால் தெரியாமல் போக வழியே இல்லை.

மஞ்சள் நிறம் ஏன்?

தார்ப்பாய்க் கதையைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் எதற்காக ஒரு மொட்டை மாடியைப் பார்த்து இப்படிப் பதறினேன் என்று புரியாது.

சேலத்தில் நான் சொல்லிக்கொடுக்கும் பயிற்சிப் பள்ளியின் மாணவர்கள் பறந்து பழகுவார்கள். சில வாரங்களுக்கு ஒரு முறை விமானத்தைப் பெங்களூருக்குக் கொண்டுபோய் சர்வீஸ் பார்க்க வேண்டும். கொண்டுபோகிற வேலை பெரும்பாலும் என் தலையில்தான் விழும். கல்யாணம் ஆகாதவள், குழந்தை குட்டி இல்லாதவள், எப்போது கூப்பிட்டாலும் வருவாள் என்று அவர்களாகவே முடிவு செய்துகொண்டார்கள். முதலில் கோபம் வந்தது. பிறகு வழியில் எங்கள் ஊர் வருகிறது என்பது உறைத்ததும் வாயை மூடிக்கொண்டேன்.

தொப்பூர்க் கணவாயைத் தாண்டினால் அதியமான்கோட்டை. அங்கேதான் அப்பா தனியாக இருக்கிறார். அம்மா போய்ச் சில வருடங்கள் ஆகின்றன. கூடப் பிறந்தவர் என்று இப்போது எனக்கு யாரும் இல்லை.

முதல் முறை "உங்க தலைக்கு மேலதாம்பா போவேன்" என்று சொன்னபோது அப்பாவுக்கு வந்த சந்தேகம் நியாயமானது.

"மேல இருந்து பாத்தா எல்லா வூடும் ஒண்ணாட்டம்தான இருக்கும்? நம்ம வூடு எதுன்னு எப்பிடி கண்டுபுடிப்ப?"

"தெரியாதுப்பா. குத்துமதிப்பாத்தான்."

"குத்துமதிப்பா என்னாத்துக்கு? இரு."

அப்பா லாரி ஓட்டியவர். வண்டி ஓட்டுவதை விட்ட பிறகும் அதன் தார்ப்பாயை மட்டும் யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தார். லோடு மேல் போர்த்திக் கட்டுகிற பெரிய மஞ்சள் பாய். அதைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறி, விரித்து, நான்கு மூலைக்கும் செங்கல் வைத்திருக்கிறார். அன்று மேலேயிருந்து விரல்நகம் அளவு மஞ்சள் தெரிந்தபோது நான் சத்தம் போட்டு அழுதேன். கேட்பதற்கு ஆள் இல்லாத இடம் என்பதால் வெட்கப்படவும் இல்லை.

சாயங்காலம் போனில், "கை காட்டினேன், பாத்தியா?" என்றார். அந்த உயரத்தில் மனிதர் தெரியமாட்டார். "பாத்தேன்பா" என்றேன்.

அன்றிலிருந்து அதுவே பழக்கமானது. கிளம்புவதற்கு முன் போன் போடுவேன். "பத்து மணி சுமாருக்கு மேல வருவேன்பா. தார்ப்பாய்." அவர் திருப்பிச் சொல்வார். "பத்து மணி. தார்ப்பாய். சரி." திருப்பிச் சொல்லும் வழக்கத்தை என்னிடமிருந்து பிடித்துக்கொண்டார். எங்கள் தொழிலில் கட்டுப்பாட்டு அறையிலிருந்து எது சொன்னாலும் அப்படியே திருப்பிச் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் விடமாட்டார்கள்.

நான் சொல்கிற இந்தக் காலையிலும் போன் செய்திருந்தேன். பின்னால் ஏதோ இரைச்சல். யாரோ யாரையோ பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். "டீக்கடைல இருக்கேன்" என்றார். "பத்து மணி. தார்ப்பாய். சரி" என்று முறையாகத் திருப்பியும் சொன்னார்.

அதனால்தான் காலி மாடியை இன்னொரு முறை பார்த்தேன்.

வானத்துக்கு வேலி உண்டா?

இந்தத் தொடரின் போன வாரப் பகுதியைப் படித்த வாசகர் ஒருவர், "அவ்வளவு பெரிய வானத்தில் உள்ளே நுழைய எதற்கு அம்மா அனுமதி?" என்று கேட்டிருந்தார். நல்ல கேள்வி. என் அப்பாவும் கேட்டார். அவருக்குச் சொன்ன பதிலையே உங்களுக்கும் சொல்கிறேன்.

பெங்களூருக்குள் லாரிகளைப் பகலில் விடமாட்டார்கள் இல்லையா? நோ என்ட்ரி நேரம் முடியும்வரை அத்திப்பள்ளிப் பக்கம் வரிசையாக நிற்கும். டிரைவர்கள் வண்டிக்கடியில் துண்டை விரித்துப் படுத்திருப்பார்கள். வானத்திலும் பெரிய நகரங்களைச் சுற்றி அப்படி ஓர் எல்லை இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது, வரைபடத்தில் மட்டும் உண்டு. உள்ளே பெரிய விமானங்கள் நிமிடத்துக்கு ஒன்றாக ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். அதற்குள் என்னைப் போன்ற சின்ன வண்டி நுழைய வேண்டுமென்றால் முன்கூட்டியே கூப்பிட்டு, நான் இன்னார், இங்கே இருக்கிறேன், இவ்வளவு உயரம், இங்கே போக வேண்டும் என்று சொல்லிக் கேட்க வேண்டும்.

கேட்டால் மட்டும் போதாது. மாணவர்கள் தவறு செய்வது இந்த இடத்தில்தான். கட்டுப்பாட்டு அறையிலிருந்து விமானத்தின் பெயரைச் சொல்லி "ஸ்டாண்ட் பை" என்பார்கள். நம் பெயரைச் சொல்லிவிட்டார்களே, நம்மைத் தெரிந்துகொண்டார்களே என்ற சந்தோஷத்தில் பிள்ளைகள் நேரே உள்ளே விட்டுவிடுவார்கள். ஒரு மாணவி அப்படித்தான் முகமெல்லாம் சிரிப்பாக எல்லையை நோக்கிப் போனாள். நான் கட்டுப்பாட்டைப் பிடுங்கித் திருப்ப வேண்டியதாயிற்று.

"மேடம், அவங்க பதில் சொன்னாங்களே?"

"வாசல்ல நின்னு கூப்பிட்டா 'யாரது, இரு வரேன்'னு உள்ள இருந்து குரல் வரும். உடனே அடுப்படிக்குப் போயி உக்காந்துடுவியா?"

அவள் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

உள்ளே வரலாம் என்று வாயால் சொல்ல வேண்டும். எந்த வழி, எந்த உயரம், எங்கே போய்க் கூப்பிட வேண்டும் என்றெல்லாம் சொல்வார்கள். நாம் ஒரு எழுத்து பிசகாமல் திருப்பிச் சொல்ல வேண்டும். "சரி" என்று அவர்கள் சொன்ன பிறகுதான் மூக்கை உள்ளே நீட்டலாம். அதுவரை வெளியே சுற்றிக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஐந்து நிமிடமும் ஆகும், அரை மணியும் ஆகும். யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை. அங்கே ஒருவர் ஒரே நேரத்தில் பத்து உயிர்ப் பொட்டலங்களை மேய்த்துக்கொண்டிருப்பார்.

அப்பா இதையெல்லாம் கேட்டுவிட்டுத் தலையாட்டினார். "அப்ப உனக்கும் நோ என்ட்ரிதான். என்னா ஒண்ணு, நாங்க எறங்கி டீ குடிப்போம். உனக்கு அதும் இல்ல."

லாரிக்காரத் தெருவின் வழக்கம்

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் வளர்ந்த தெருவில் பாதி வீடுகளில் லாரி டிரைவர்கள். வீட்டில் ஆண்கள் இருப்பதே அபூர்வம். நாக்பூர், கட்டாக், கௌஹாத்தி என்று போய்விட்டு என்றைக்கோ வருவார்கள். தெருமுனையில் ஒரு எஸ்.டி.டி. பூத். வழியில் எங்காவது நிறுத்திப் பேசுவார்கள். பூத்துக்காரர் பையன் ஓடிவந்து சொன்னால் பெண்கள் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடுவார்கள்.

போனை எடுத்ததும் அந்தப் பெண்கள் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான். "லோடு எறக்கியாச்சாங்க?"

ஊர்க்காரர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். புருஷனைப் பற்றி விசாரிக்காமல் லோடைப் பற்றிக் கேட்கிறாளே என்று. அது அப்படியில்லை. வண்டியில் லோடு இருக்கும்வரை டிரைவரிடம் கெட்ட செய்தி எதையும் சொல்லக் கூடாது. அது எங்கள் தெருவில் எழுதப்படாத சட்டம். சாவு, நோவு, சண்டை, எதுவானாலும் சரி. முன்னூறு மைல் தள்ளி மலைப்பாதையில் தனியாகப் பாரத்தோடு போகிற மனுஷனிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது? வண்டியைப் போட்டுவிட்டு ஓடிவரவும் முடியாது, ஒழுங்காக ஓட்டவும் முடியாது. "எறக்கியாச்சு" என்று பதில் வந்தால் சொல்வார்கள். "இன்னும் இல்ல" என்றால் "எல்லாரும் நல்லாருக்கோம்" என்பார்கள்.

டிரைவர்களுக்கும் இது தெரியும். லோடோடு இருக்கும்போது கேட்கிற "நல்லாருக்கோம்" என்பதற்கு அர்த்தமே கிடையாது என்று அவர்களுக்குத் தெரியும். தெரிந்தும் கேட்டுக்கொண்டு போவார்கள்.

எனக்கு ஒரு தம்பி பிறந்தான். பேர் வைக்கும் முன்பே மஞ்சள் காமாலை வந்து போய்விட்டான். நான் அப்போதுதான் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்தேன். அவனைக் கொண்டுபோய் அடக்கம் செய்த மறுநாள் சாயங்காலம் போன் வந்தது. அம்மா புடவைத் தலைப்பை மார்போடு இறுக்கிப் போர்த்திக்கொண்டு நடந்தாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு போனேன்.

"லோடு எறக்கியாச்சாங்க?" என்று கேட்டாள்.

அந்தப் பக்கம் என்ன பதில் வந்ததென்று எனக்குக் கேட்கவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நாங்க நல்லாருக்கோம். கொடி இஸ்கூலுக்குப் போறா." கொஞ்ச நேரம் கேட்டாள். "கொழந்தையா? தூங்கறான்."

போனை வைத்துவிட்டு வெளியே வந்து பூத் வாசல் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். தெருப் பெண்கள் வந்துதான் தூக்கிக்கொண்டு போனார்கள்.

அப்பா பல நாள் கழித்து வந்தார். லாரியைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு இறங்கி நின்று, "எப்ப?" என்று மட்டும் கேட்டார். அம்மா கிழமையைச் சொன்னாள். ஒரு வார்த்தை திட்டவில்லை.

நான் பெரியவளான பிறகு ஒரு நாள் கேட்டேன், "அன்னிக்கு உங்களுக்குத் தெரியுமாப்பா?" என்று.

"தூங்கறான்னு சொன்னா. அது அவன் அழற நேரம்" என்றார். வழியெல்லாம் அதை வைத்துக்கொண்டுதான் ஓட்டியிருக்கிறார்.

என்னிடம் அவர் ஒரு நாளும் லோடைப் பற்றிக் கேட்டதில்லை. நான் எங்கே என்ன ஏற்றிக்கொண்டு போகிறேன்? தரையிறங்கிப் போன் செய்தால் அவருடைய முதல் கேள்வி "சாப்பிட்டியா?" என்பதுதான். எந்த ஊர், எந்த நேரம் என்று பார்க்காமல் அதையேதான் கேட்பார்.

கீழே யாரும் இல்லை

மறுபடி மாடிக்கு வருகிறேன்.

இரண்டு சுற்று முடிந்தது. ஒருவேளை அவர் நேரத்தை மறந்திருக்கலாம், இப்போது மூச்சு வாங்கிக்கொண்டு பாயைத் தூக்கி வருவார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறக்கிற ஆள் இல்லை அவர். முன்பெல்லாம் இந்த இடத்தைக் கடக்க எனக்குக் கிடைப்பது இரண்டு நிமிடம்தான். இன்னும் கொஞ்ச நேரம் பார்க்க முடிந்தால் நன்றாக இருக்குமே என்று ஏங்கியிருக்கிறேன். அன்றைக்குப் பார்த்துப் பார்த்துக் கண் எரிந்தது.

எல்லைக்கு வெளியேதானே இருக்கிறேன், உயரம் என் விருப்பம். கொஞ்சம் கீழே இறங்கினேன். பைரவர் கோயில் வாசலில் கூட்டம் எறும்பாய்த் தெரிந்தது. நெடுஞ்சாலையில் லாரிகள் ஊர்ந்தன. எங்கள் வீட்டு வாசலில் அப்பாவின் மொபெட் நின்றது. மொபெட் இல்லாமல் அவர் டீக்கடைக்கே போகமாட்டார். கொடியில் துணி இல்லை. கதவு பக்கம் யாரும் இல்லை. நான் பார்த்தது அவ்வளவுதான்.

பயந்துபோனேன். இதை வேறெப்படியும் சொல்லத் தெரியவில்லை. இத்தனை வருடப் பறத்தலில் எஞ்சின் இருமியபோதும், மேகம் சூழ்ந்தபோதும் வராத பயம் அது.

என் வீடு எனக்குக் கீழே, கல்லை விட்டால் விழுகிற தூரத்தில் இருக்கிறது. இறங்க முடியாது. அந்த உயரத்தில் போன் எடுக்காது. எடுத்துப் பார்த்தேன், சிக்னல் கோடு ஒன்றுகூட இல்லை. சேலத்துக்குத் திரும்பலாம் என்றால் அங்கே விமான நிலையத்தைக் காலை வேலைநேரம் முடிந்து மூடியிருப்பார்கள், சாயங்காலம்தான் திறப்பார்கள். காதுக்குள் ஊர்ப்பட்ட குரல்கள். ஒருவரிடமும் "எங்கப்பாவைக் காணோம்" என்று சொல்ல முடியாது. அந்த அலைவரிசையில் பேசுவதற்கு உரிய விஷயம் அது இல்லை. மைக் பொத்தானை அழுத்தாமல் வெறுமனே "அப்பா, அப்பா" என்று சொல்லிக்கொண்டு வட்டமடித்தேன்.

மூன்றாவது சுற்றோ நான்காவதோ, என் விமானத்தின் பெயரைக் கூப்பிட்டார்கள். பெண் குரல், காலையிலிருந்து அவர்தான் பேசிக்கொண்டிருந்தார். உள்ளே வரலாம் என்றார். வழி சொன்னார், உயரம் சொன்னார், எங்கே போய்ச் சொல்ல வேண்டும் என்று சொன்னார். வழக்கமாக இந்த அனுமதிக்காகத்தான் தவம் கிடப்பேன். அன்று அது வந்தபோது எனக்கு அழுகை வந்தது. வந்துவிட்டதால் நான் அங்கிருந்து போயாக வேண்டும்.

திருப்பிச் சொன்னேன். உயரத்தைத் தப்பாகச் சொல்லிவிட்டேன். பிள்ளைகள் அந்தத் தப்பைச் செய்தால் நான் காது கிழியக் கத்துவேன்.

"இல்லை. மறுபடி சொல்கிறேன்" என்றார் அந்தப் பெண். உயரத்தை மெதுவாக, ஒவ்வொரு எண்ணாகச் சொன்னார். அந்தக் குரலில் ஒரு துளி இரக்கம் இருந்ததாக நான் நினைத்துக்கொண்டேன். இருந்திருக்காது. அவருக்கு என்னைத் தெரியாது.

சரியாகத் திருப்பிச் சொல்லிவிட்டு வடக்கே திரும்பினேன். கிருஷ்ணகிரி வரும்வரை ஒரு முறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் ஒழுங்காக ஓட்டமாட்டேன்.

எஞ்சினை அணைத்த பிறகு

விமானத்தை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, காதிலிருந்ததைக் கழற்றி எறிந்துவிட்டுப் போனை எடுத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. நின்றது. மறுபடி போட்டேன். விசிறி சுற்றி நின்ற பிறகும் எஞ்சின் சூட்டில் டிக் டிக் என்று சத்தம் வருமே, அதை எண்ணிக்கொண்டு நின்றேன்.

"அலோ."

அப்பாவின் குரல். இறக்கையைப் பிடித்துக்கொண்டேன். இருக்கிறார். பேசுகிறார். தார்ப்பாயாவது மண்ணாங்கட்டியாவது, நன்றாகத் திட்டித் தீர்க்கலாம் என்று வாயைத் திறந்தேன்.

"கொடி, லோடு எறக்கியாச்சா?" என்றார்.

அந்தக் கேள்வியை அவர் என்னிடம் கேட்டது அதுதான் முதல் முறை.

ஓடுதளம், வெயில், பெட்ரோல் வண்டிக்காரர் குழாயை இழுத்துக்கொண்டு வருவது, எல்லாம் தெரிந்தது. பூத் கண்ணாடிக்குள் அம்மாவின் முகமும் தெரிந்தது. "இன்னும் இல்லப்பா" என்று சொன்னால் போதும். "சரி கண்ணு, நான் நல்லாருக்கேன்" என்று வைத்துவிடுவார். சொல்லிவிடலாமா என்று சத்தியமாக நினைத்தேன். அந்தச் செய்தி எதுவானாலும் எனக்கு வேண்டாம்.

"எறக்கியாச்சுப்பா" என்றேன்.

"வண்டி நின்னுடுச்சா? எஞ்சின் ஆஃப் பண்ணிட்டியா?"

"பண்ணிட்டேன்பா. சொல்லுங்க."

"ஒண்ணும் இல்ல. ரெண்டு நாளா ஆஸ்பத்திரில இருக்கேன். நெஞ்சப் புடிச்ச மாதிரி இருந்துச்சு. கோவிந்தந்தான் கூட்டியாந்து சேத்தான். ரத்தக் கொழாயில அடைப்பாம். மத்தியானம் உள்ள கூட்டிட்டுப் போறாங்க. நீ வந்தா நல்லாருக்கும்."

வந்தால் நன்றாயிருக்கும் என்று அவர் அதற்கு முன் யாரிடமும் சொல்லி நான் கேட்டதில்லை.

எந்த ஆஸ்பத்திரி, எந்த மாடி, எந்த வார்டு என்று சொன்னார். நான் திருப்பிச் சொன்னேன். பழக்கம், தானாக வந்தது. "ஆங், சரியாச் சொன்ன" என்று போனை வைத்தார்.

தார்ப்பாய் போன இடம்

தருமபுரி பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது. அத்திப்பள்ளி பக்கம் லாரிகள் வரிசையாக நின்றிருந்தன. ஒரு டிரைவர் வண்டி நிழலில் உட்கார்ந்து போனில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். வீட்டில் எல்லோரும் நல்லாயிருக்கிறோம் என்று சொல்லியிருப்பார்கள்.

நான் போய்ச் சேர்வதற்குள் அப்பாவை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். கதவருகே நின்ற காவலாளி, "உள்ள போகக் கூடாதுங்க. அவங்களே கூப்பிடுவாங்க. அங்கயே நில்லுங்க" என்றார். வெளியிலேயே இருக்கவும், காத்திருக்கவும். நான் சிரித்துவிட்டேன். அந்த மனிதர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

பெஞ்சில் கோவிந்தண்ணன் உட்கார்ந்திருந்தார். பக்கத்து வீட்டுக்காரர், பஞ்சர் கடை வைத்திருக்கிறார். என்னைப் பார்த்ததும் எழுந்து கை பிசைந்தார்.

"தப்பு என் மேலதாம்மா. அப்பா காலைல போன் பண்ணி சொன்னாரு. பத்து மணிக்குள்ள தார்ப்பாய மாடியில விரிச்சுடு, புள்ள மேல போகும், பாக்காட்டி பயந்துக்கும்னு. எடுத்துட்டுதான் வந்தேன். மேக்கால மேகம் கறுத்துச்சு. எங்க வாசல்ல கடலக்கா காயுது. நனைஞ்சுடப் போவுதுன்னு, பாயோட கறுப்பு அடிப்பக்கம் மேல வர்றாப்புல போத்திட்டேன். வெயிலு வந்ததும் மாடிக்கு எடுத்துட்டுப் போலாம்னு இருந்தேன், கடைக்கு ஆளு வந்துட்டாங்க."

அதாவது, படுத்த படுக்கையில் டீக்கடையில் இருப்பதாக என்னிடம் பொய் சொல்லி, என் வாக்கியத்தை ஒழுங்காகத் திருப்பிச் சொல்லி, அதற்குப் பிறகு அந்தப் பொய்யை மெய்யாக்குவதற்கு ஆளும் ஏற்பாடு செய்திருக்கிறார். கடலைக்காய்தான் கெடுத்துவிட்டது.

"மழை வந்துச்சாண்ணா?"

"எங்கம்மா? ஒரு தூத்தல் இல்ல."

சாயங்காலம் கதவைத் திறந்து என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அடைப்பை எடுத்தாயிற்று, பயப்பட ஒன்றுமில்லை, ஒரு ஆள் மட்டும் வரலாம், அதிகம் பேசக் கூடாது என்றார்கள். "ஒரு ஆள், அதிகம் பேசக் கூடாது" என்று திருப்பிச் சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

அன்று பேசவில்லை. மறுநாள் காலை அவர் கஞ்சி குடித்து முடிக்கும்வரை பொறுத்திருந்து ஆரம்பித்தேன்.

"முந்தாநேத்தே சொல்லியிருந்தா சேலத்துல இருந்து ஒரு மணி நேரத்துல வந்திருப்பேன். ஏன்பா சொல்லல?"

"மறுநாள் வண்டி எடுக்கணும்னு சொன்னியே. லோடு ஏத்தின வண்டிகிட்ட எப்பிடி சொல்றது?"

"என்னா லோடு? லோடும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. வண்டில நான் ஒருத்திதான் இருந்தேன்."

"அதாங் கண்ணு" என்றார் அப்பா. "ஒருத்தியா இருந்த."

டம்ளரை வாங்கிக் கழுவி வைக்கப் போனேன். குழாயடியில் ரொம்ப நேரம் நின்றேன்.

சென்ற வாரம்

அப்பா இப்போதும் அதியமான்கோட்டையில்தான் இருக்கிறார். என்னோடு வந்துவிடுங்கள் என்றால், "சேலத்துக்கா? எனக்கு அங்க நோ என்ட்ரி" என்கிறார். மாடிப்படி ஏறக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நான் போகிற நாளில் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறாராம். சத்தம் கேட்கிறது என்கிறார். கோவிந்தண்ணனை விட்டு விரிக்கச் சொல்லவா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அவர் கை விரிக்காத மஞ்சளைப் பார்த்து நான் என்ன செய்ய?

போன வாரம் மறுபடி அந்த வழியாகப் போனேன். மறுபடி தருமபுரிக்கு மேலே காத்திருக்கச் சொன்னார்கள். சுற்றினேன். நீலத் தொட்டி, காலி மாடி, அதற்குக் கீழே எங்கோ ஒரு நாற்காலி. எனக்கு அது தெரியாது. அவருக்கும் நான் தெரியமாட்டேன். கை மட்டும் காட்டினேன்.

இறங்கி, எஞ்சினை அணைத்து, போன் போட்டேன். மணி அடிக்கிற அந்தக் கொஞ்ச நேரம் இப்போதெல்லாம் அவர் முதலில் எதைக் கேட்கப்போகிறார் என்று போனைக் காதில் அழுத்திப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

"அலோ, கொடியா?" என்றார். இருமினார். தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

"சாப்பிட்டியா?"

"இன்னும் இல்லப்பா" என்றேன்.